நடுவுல நிறுத்துங்க

பதிமூணு வருசமா மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இதை அச்சில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் சண்டை. "நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் நம்ம சனமாவே இருந்தாலும் யோசிக்க மாட்டானா?" என்று என் மனைவி கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் ஏன் எழுதுகிறேன் என்பதை விட்டுவிட்டு, ஏன் இத்தனை நாள் மறைத்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மறைப்பது எனக்குப் புதுசு இல்லை. 2008-ல் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து அலுவலகங்களில் யாரும் நேராகச் சாதி கேட்கமாட்டார்கள். "எந்த ஊரு?" என்பார்கள். சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான். நான் ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டு, "மேட்டூர்ல இன்னைக்கு எத்தனை அடி தண்ணி சார்?" என்று கேட்டுவிடுவேன். டெல்டாவில் இந்தக் கேள்வி எந்தக் கேள்வியையும் அமுக்கிவிடும். வாடகைக்கு வீடு தேடிப் போன இடங்களிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினேன். அந்த வாய்க்கு நல்ல பழக்கம் ஆகியிருந்தது.

2012-ல் நோய் வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வரும், அப்புறம் தூக்கம் வராது. காலையில் அலுவலக வாசல் வரைக்கும் போய்விடுவேன். சைக்கிள் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நிற்பேன், உள்ளே போகக் கால் வராது. தபாலைப் பிரிக்கவே பயம். பிரித்தாலும் படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை கொடுத்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், "என்ன மாத்திரைங்க?" என் வாய் தயாராக இருந்தது. "அல்சர் சார்."

ஏழு வருசம் எனக்கு அல்சர். ஆபீசில் எனக்குக் காரம் கூடாது என்று விருந்தில் தனியாகத் தயிர்சாதம் வைத்தார்கள்.

ஒவ்வொரு வருசமும் அக்டோபர் 10, உலக மனநல நாளில், எங்கள் நோட்டீஸ் பலகையில் ஒரு சுவரொட்டி ஒட்டுவார்கள். 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று அதில் இருக்கும். அதற்குக் கீழே நின்றுகொண்டுதான், "அந்தாளு கீழ்ப்பாக்கம் கேசுய்யா" என்று யாரையாவது சொல்லிச் சிரிப்பார்கள். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை. இருநூறு வருசத்துக்கு மேல் வைத்தியம் பார்த்த ஓர் இடத்தின் பெயரை நாம் வசவாக வைத்திருக்கிறோம்.

யாரிடம் பேசினால் யாருக்கு என்ன நடக்கும் என்பதை அந்தச் சுவரொட்டி சொல்லவில்லை. அதை நான் ஒரு சக ஊழியரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் ஊர்த்தெருக்காரர். அவருக்கும் இதே நோய் மாதிரிதான் தெரிந்தது. திடீரென்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். மாதக்கணக்கில் கோப்பு நகராது. கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டு, "வீட்டு டென்ஷன் ஜாஸ்தியா இருக்கு போல, கொஞ்ச நாள் லேசான சீட்ல இரு" என்றார். ரெண்டு பேர் அவர் கோப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவன் நான். அப்போது எனக்கு வருத்தமே இல்லை, மனுசன் மனுசனுக்குச் செய்வதுதானே என்று நினைத்தேன்.

2019-ல் என் தன்பதிவேட்டில் நிலுவை ஏறியது. லேசான சீட் வரவில்லை. மெமோ வந்தது, அப்புறம் இன்னொரு மெமோ, கடைசியில் 17(பி)-யில் குற்றச்சாட்டு. 'கடமையில் வேண்டுமென்றே அலட்சியம்' என்று எழுதியிருந்தது. டீக்கடையில் ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது: "கோட்டாவுல வந்தா வேலை எங்கேருந்து வரும்?" அவருக்கு வந்தது டென்ஷன், எனக்கு வந்தது கோட்டா. ஒரே நோய், ரெண்டு பேரு. நோய்வாய்ப்பட்டவனுக்கு எப்படி இடம் கொடுப்பது என்று அந்த அலுவலகத்துக்குத் தெரியாமல் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் இருந்தது விசயம்.

குற்றச்சாட்டுக்குப் பதில் எழுத வேண்டும். மருத்துவரின் சான்றிதழ் கையில் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று எங்கள் சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். அவரும் நம்மவர்தான், முப்பது வருச சர்வீஸ். அவர் சொன்னார்: "குடுக்காதேப்பா. நம்மளப் பத்தி ஏற்கனவே ஒரு சர்ட்டிபிகேட் அவன்கிட்ட இருக்கு. இன்னொண்ணும் நீயே குடுக்கப் போறியா?"

சாதிச் சான்றிதழைத்தான் சொன்னார். அன்று ராத்திரி முழுக்க அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. விடியற்காலம் எனக்கு எங்க அத்தை ஞாபகம் வந்தது.

வெண்ணாற்றுக்குத் தெற்கே எங்கள் ஊர். எண்பதுகளின் கடைசியில் எனக்குப் பத்து வயசு இருக்கும். அத்தை, அப்பாவின் தங்கை, வாழாமல் வந்து எங்களோடு இருந்தது. அதுக்கு ஒரு பிள்ளை பிறந்து செத்துப் போயிருந்தது. அந்தப் பிள்ளை வாய்க்காலுக்குள்ளிருந்து அழுகிறது என்று அத்தை சொல்லும். சில நாள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பதில் பேசிக்கொண்டிருக்கும். "அவளுக்குப் பிடிச்சிருக்கு" என்று தெருவில் சொல்வார்கள்.

அத்தையை நாங்கள் படுத்தாத பாடில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். பேயோட்டி வந்து வேப்பங்குழையால் அடித்தார், தலைமயிரைப் பிடித்து ஆட்டினார். அது ராத்திரியில் ஓடிப்போகிறது என்று அப்பா ரெண்டு மாசம் காலில் சங்கிலி போட்டு வீட்டுத் தூணில் கட்டிவைத்தார். அடித்தவர்களும் கட்டியவர்களும் அதன் மேல் உயிரை வைத்திருந்தவர்கள். அப்புறம் முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஜாம்புவானோடை தர்காவுக்குக் கூட்டிப் போனார்கள். மனசு சரியில்லாதவர்களைக் கொண்டுவந்து தங்க வைக்கும் இடம் அது. அங்கே அத்தை நிம்மதியாக இருந்ததாக அம்மா சொல்லும். "அங்க யாரும் என்ன தெருன்னு கேக்கல" என்பது அம்மா கண்ட காரணம். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை? போனால் ரெண்டு ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸுக்கும் காசு வேண்டும். அதைவிட, இது ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலம் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். பேப்பரில் வந்த செய்தியை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அத்தை அதற்கு அஞ்சு வருசம் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை. எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்கு அந்த விடியற்காலம் ஞாபகம் வந்தது சங்கிலி இல்லை, நடவு.

குறுவை நடவுக்கு எங்கள் தெருப் பெண்கள் இருபது இருபத்தஞ்சு பேர் வரிசையாக இறங்குவார்கள். குனிந்தபடியே நட்டுக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஒவ்வொருத்திக்கும் கை எட்டுகிற அகலம்தான் பங்கு. ஒருத்தி நின்றுவிட்டால் அவள் பங்கு வெற்றிடமாகத் தெரியும். வரப்பில் குடையோடு நிற்கிற காரியக்காரருக்கு அது ஒன்றே போதும், "நீ கரையேறு" என்பார். அத்தை சில நாள் பாதியில் நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். வாய்க்கால் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதனால் அதை எப்போதும் வரிசையின் நடுவில் நிறுத்துவார்கள். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் இன்னொரு பெரியம்மா. அத்தை நின்றதும் ரெண்டு பேரும் கையை அகட்டி அதன் பங்கையும் சேர்த்து நட்டுவிடுவார்கள். வெற்றிடம் விழாது. கொஞ்ச நேரத்தில் யாராவது இடுப்பில் ஒரு இடி இடிப்பார்கள், "என்னடி சொல்றான் ஒம் மவன்?" என்று கேட்பார்கள். அத்தை ஏதோ சொல்லும், மறுபடி குனியும். சாயங்காலம் கூலி எல்லாருக்கும் ஒரே கூலி. அத்தைக்குக் குறைத்துக் கொடுங்கள் என்று ஒருத்தியும் சொல்லி நான் கேட்டதில்லை.

குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "அத்தையை நடுவுல நிறுத்தணும்னு நீங்கள்லாம் எப்படிம்மா முடிவு பண்ணீங்க?"

அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "இதுல என்னடா முடிவு பண்ணிக் கெடக்கு? ஓரத்துல நின்னா அவன் கண்ணுல படுவா."

இதில் எனக்கு ஒரு விசயம் தெளிந்தது. அந்தப் பெண்களும் மறைக்கத்தான் செய்தார்கள். ஆண்டையிடம் மறைத்தார்கள், ஆனால் தங்களுக்குள் மறைக்கவில்லை. அத்தைக்கு என்ன என்று வரிசையில் எல்லாருக்கும் தெரியும். நான் தலைகீழாகச் செய்திருந்தேன். என் சொந்த ஆட்களிடமே மறைத்துவிட்டு, வரிசையின் ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். காரியக்காரர் கண்ணில் படாமல் எப்படி இருக்கும்?

ஊரிலிருந்து திரும்பியதும் அலுவலகத்தில் நம் ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அல்சர் இல்லை, இதுதான் என்றேன். மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, சட்டத்துல என்ன இருக்குன்னு பாப்போம்" என்றார்.

சட்டத்தில் நிறையவே இருந்தது. 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்திலேயே மனநோய் ஓர் ஊனமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்தது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 20-ஆம் பிரிவு அரசு அலுவலகங்களுக்கு உள்ளது. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு வேலை செய்ய ஏதுவான மாற்றங்களைச் செய்து தர வேண்டும், பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டது என்பதற்காக ஒருவரை வெளியேற்றவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. 23-ஆம் பிரிவு ஒவ்வோர் அரசு அலுவலகமும் இதற்கென்று ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. சிகிச்சையில் சாதியைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று சாதி என்ற சொல்லையே எழுதிச் சொல்கிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் அதில் உரிமை. ஆக, சொல்வதா வேண்டாமா என்பது என் இஷ்டம். யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

'வேலைக்கு ஏதுவான மாற்றம்' என்பதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் சேற்றில் நின்று செய்ததைத்தான் பாராளுமன்றம் 2016-ல் எழுதி வைத்திருக்கிறது.

சான்றிதழைக் கொடுத்தேன். நாலு பேரும் கூடவே வந்தார்கள். ஜெயித்தேன் என்று கதை சொல்ல மாட்டேன். ஒரு வருச ஊதிய உயர்வை நிறுத்தி உத்தரவு வந்தது. மேல்முறையீடு செய்தேன். அது கிடப்பில் இருக்கும்போது, 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்காரர். மனநோய் உள்ளவர் மீது, அந்த நோயோடு தொடர்புள்ள நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்று நீதிபதிகள் சொன்னார்கள். மற்ற ஊழியர்களைவிட அப்படிப்பட்டவர்தான் இந்த நடவடிக்கைகளில் எளிதாக மாட்டுகிறார் என்பது அவர்கள் காட்டிய காரணம். தீர்ப்பின் நகலை இணைத்து மறுபடி எழுதினோம். தண்டனை 'கண்டனம்' என்று குறைந்தது. ரத்தாகவில்லை. எனக்கு ஆபீசில் 'மாத்திரை' என்று பட்டப்பேர் விழுந்தது.

இன்னொன்றும் நடந்தது. இரவுக் காவலர் ஒருநாள் சாவியைக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார், "சார், அந்த டாக்டரு எந்தக் கிழமை இருப்பாரு? எங்க வீட்டுல மூத்தவன் மூணு மாசமாக் குளிக்க மாட்டேங்குறான்." அவருக்குப் பிறகு ரெண்டு பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் டீக்கடையில் கோட்டா என்று சொன்னவர். அவருக்கும் கிழமையைச் சொன்னேன். சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

இதுவரை அலுவலகத்தைப் பற்றி. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தோழர்களிடம் கேட்க வேண்டியது வேறே இருக்கிறது.

நோய் முற்றியிருந்த காலத்தில் ஒரு கூட்டத்தில் தலை சுற்றி வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்த தோழர், "இதெல்லாம் மிடில்கிளாஸ் வியாதி தோழர், களத்துக்கு வாங்க, சரியாப் போயிடும்" என்றார். களத்துமேட்டிலிருந்து வந்தவனிடம் களத்துக்கு வா என்றார். எங்க அத்தை எந்த மிடில்கிளாஸ்?

அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருப்பதும் எனக்குத் தெரியும். 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் ரோகித் வெமுலா. 2017 மார்ச்சில் தில்லியில் நம் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன். இப்படி ஒவ்வொரு சாவு நடக்கும்போதும், 'மனச்சோர்வில் இருந்தார்' என்ற வரியைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள். அந்த வரியால் நிர்வாகம் கையைக் கழுவிக்கொள்ளும். அதனால் நாம், 'மனச்சோர்வு இல்லை, இது நிறுவனப் படுகொலை' என்கிறோம். சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லி மனச்சோர்வு என்ற சொல்லை எதிரியிடமே விட்டுவிட்டோம். உயிரோடு இருக்கிற நம் பிள்ளைகள் தங்களுக்கு வந்திருப்பதைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் நிற்கிறார்கள். சொன்னால் இயக்கத்துக்குத் துரோகம் செய்தது போல ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். நானும் பயந்தேன்.

அடிபட்டவனுக்கு ரத்தம் வருகிறது என்று சொன்னால் அடித்தவன் தப்பித்துக்கொள்வானா? கட்டும் போட வேண்டும், கேசும் போட வேண்டும். ரெண்டும் ஒரே ஆளுக்குத்தான்.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரே குடிசையில் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். செத்தவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. வருசா வருசம் போய் வணக்கம் செலுத்துகிறோம். மிஞ்சியவர்கள் அதற்குப் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று நான் போன எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

எல்லாம் சாதியால் வந்தது என்றும் நான் சொல்லவில்லை. அந்த ஊர்த்தெருக்காரருக்கும் இந்த நோய் வந்தது. சாதி ஒழிந்தாலும் சிலருக்கு வரும். எனக்கு மாத்திரை வேலை செய்தது. ஆறேழு வாரத்தில் தூக்கம் வந்தது, தபாலைப் பிரிக்க முடிந்தது. நானாகவே நிறுத்திய ரெண்டு தடவையும் மறுபடி விழுந்தேன். அம்பேத்கர் படம் மாட்டிய வீட்டில் மாத்திரை டப்பாவும் இருக்கலாம் என்று நம் ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ள வேண்டும். 2022-லிருந்து 14416 என்று ஓர் இலவச எண் இருக்கிறது, அழைத்தால் தமிழிலேயே பேசலாம். அதை நம் மாணவர் விடுதிச் சுவர்களில் எழுதி வைக்கலாம்.

ஆனால் எண் மட்டும் போதாது. 'வெளிப்படையாகப் பேசு' என்று ஒருத்தனைத் தனியாகப் பார்த்துச் சொல்வது, வரிசையின் ஓரத்தில் போய் நில் என்று சொல்வதுதான். முதலில் ரெண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். நம் சங்கத்தில், வாசிப்பு வட்டத்தில், விடுதி அறையில் ஒரு ஆள் ஒருநாள் கையில் நாற்றோடு நின்றுவிட்டால் அவன் பங்கை யார் சேர்த்து நடுவது என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் அவன் பேசுவான். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது எங்கள் ஊரில் பாதி வயலில் நடவு மிசின் ஓடுகிறது. அம்மாவுக்கு முதுகு நிமிராது. இந்தக் கட்டுரையை அதுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவளுக்கு அந்தப் பக்கம் நின்ன பெரியம்மா பேரையும் போடேன்" என்றது. பத்திரிகையில் பேர் வேண்டாம்மா என்று சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் நின்றார் என்பதையாவது எழுதிவிடுகிறேன்: அத்தைக்கு இடது பக்கம்.